உடைத்ததை முதலில் எழுது

ஒரு குழியை மூடுவதற்கு முன்னால் ஒரு புட்டியில் காகிதம் போட்டு உள்ளே வைப்பது அண்ணன் ஏற்படுத்திய வழக்கம். இருமல் மருந்துப் புட்டியோ ஜாம் புட்டியோ, வீட்டில் எது காலியாக இருக்கிறதோ அது. காகிதத்தை எழுதுவது என் வேலை. தேதி, தோண்டியவர்கள், உடைத்தது, எடுத்தது. இந்த வரிசை மாறக்கூடாது. முதல் தடவை நான் எடுத்ததை மேலேயும் உடைத்ததைக் கீழேயும் எழுதியிருந்தேன். அண்ணன் படித்துவிட்டு மண் கையாலேயே திருப்பிக் கொடுத்தார்.

“உடைச்சதை முதல்ல எழுதுடா. எடுத்ததை எழுத எவனுக்கும் கை வலிக்காது. உடைச்சதுக்கு வரும்போதுதான் எல்லாருக்கும் காகிதம் தீர்ந்துபோகும்.”

“யாரு படிக்கப் போறாங்க இதை?”

“நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் வருவான். நம்மள மாதிரியே வேலையத்தவன். அவன் ஏமாறக்கூடாது. ‘இங்கே ஏற்கெனவே ஒரு பெருச்சாளி வந்துட்டுப் போயிடுச்சு, நீ வேற இடம் பாரு’ன்னு அவனுக்குத் தெரியணும்.”

பதினொரு வருடங்களில் இருபத்தேழு குழிகள் தோண்டினோம். இருபத்தாறுக்குக் காகிதம் எழுதினேன். இருபத்தேழாவது குழியில் அண்ணன் செத்துப்போனார். அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் ஒரு வரி எழுதவில்லை.

அண்ணனுக்குத் தொழில் குழாய் வேலை. பழைய கட்டடங்களுக்குக் குழாய் மாற்றப் போன இடத்தில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. சாக்கடைக் குழாய் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பின்புறம் ஒரு குழி இருந்தது. கழிவும் அதில்தான், குப்பையும் அதில்தான். உடைந்த தட்டு, தீர்ந்துபோன மருந்துப் புட்டி, பெண்டாட்டிக்குத் தெரியாமல் குடித்து முடித்த புட்டி எல்லாம் அதற்குள் போகும். பிறகு குழாய் வந்தது. குழியைச் சாம்பலும் மண்ணும் போட்டு மூடினார்கள். கட்டடம் பின்பக்கமாக வளர்ந்து குழியின் தலைமேலேயே உட்கார்ந்துகொண்டது. அழுகக்கூடியதெல்லாம் அழுகி மண்ணாகிவிடும்; கண்ணாடி மட்டும் போட்டது போட்டபடி இருக்கும். நூறு வருடம் மண்ணில் கிடந்த கண்ணாடிக்கு மயில் கழுத்து மாதிரி ஒரு மினுக்கம் ஏறியிருக்கும். விரலால் தேய்த்தால் செதிலாக உதிரும். அதற்காகத்தான் அண்ணன் ஓய்வு நாளெல்லாம் பூமிக்குள் போய்க்கொண்டிருந்தார்.

அண்ணனுக்குப் பெருச்சாளி என்று பெயர் வைத்தது வாஷர். அவரும் குழாய்க்காரர்தான். எங்கே வைத்தாலும் சரியாக உட்காராமல் கசிந்துகொண்டே இருக்கும் ஆள் என்பதால் அண்ணன் பதிலுக்கு வைத்த பெயர் வாஷர். காலையில் இரும்புச் சாமான் கடை வாசலில் குழாய்க்காரர்கள் வேலைக்குக் காத்து நிற்கும்போது இரண்டு பேரும் தொடங்கிவிடுவார்கள்.

“என்ன பெருச்சாளி, நேத்து எந்த வீட்டு அடியில?”

“உன் வீட்டு அடியிலதான். மேலேயும் ஒண்ணும் இல்ல, கீழேயும் ஒண்ணும் இல்ல. வெறுங்கையோட வந்தேன்.”

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். புட்டிகளில் புடைத்து நிற்கும் எழுத்துகளைப் படிப்பதற்காகத்தான் அண்ணன் என்னைச் சேர்த்துக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை, பொறுமை கிடையாது. கண்ணாடி அவருக்கு, எழுத்து எனக்கு. எழுத்து அச்சிட்ட பீங்கான் ஜாடி, பீங்கான் மூடி எது வந்தாலும் பார்க்காமலேயே என் பக்கம் தள்ளிவிடுவார். “உன் ஆளு வந்துட்டான், பேசிட்டு இரு” என்பார்.

வேலைக்கு இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். ஒன்று, உம் கொட்டுவது. குழிக்குள் இருப்பவர் அவ்வப்போது “உம்” என்பார், மேலே இருப்பவன் கதை கேட்கிற பிள்ளை மாதிரி திருப்பி “உம்” கொட்டவேண்டும். மேலே இருப்பவனுடைய கண் எப்போதும் குழியின் விளிம்பில் இருக்கவேண்டும். மண் ஒரு பிடி உதிர்ந்தாலும் கத்தவேண்டும். இரண்டாவது, சுவருக்குக் கீழே கை வைக்கக்கூடாது. சாம்பல் அடுக்கு எவ்வளவு ஆசை காட்டினாலும் சுவரின் அடியில் பக்கவாட்டாகப் போகக்கூடாது. “சுவருக்குக் கீழே இருக்கறது சுவரோட சொத்து” என்று சொல்வார். தங்கக்கட்டியே தெரிந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

இரண்டாவது சட்டம் உண்மையில் அண்ணி போட்டது.

அண்ணிக்குத் தண்ணீர் அலுவலகத்தில் புகார் எழுதும் வேலை. காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு “எங்கே உடைஞ்சிருக்கு?” என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் ஒரு தெருக்குழாய் உடைப்பைச் சொல்லப் போய், மூன்று நாள் தொடர்ந்து நேரிலேயே போய் அதே உடைப்பைச் சொன்னாராம். நான்காம் நாள் அண்ணி, “அது நேத்தே சரியாயிடுச்சு. இன்னிக்கு என்ன உடைஞ்சிருக்கு?” என்று கேட்டிருக்கிறார். “எனக்குத்தான்” என்று அண்ணன் சொன்னதாக அண்ணன் சொல்வார். அப்படி எதுவும் சொல்லவில்லை, வியர்த்து நின்றார் என்று அண்ணி சொல்வார்.

நான் இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் தனியாக இருந்தேன். சாப்பாடு அண்ணன் வீட்டில். அங்கே சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். ஊர்க் குழாயையெல்லாம் அடைக்கிறவர் வீட்டுக் குழாய்.

இருபத்தேழாவது குழி இருந்த கட்டடம் முதலில் மருந்தகமாக இருந்தது. பிறகு பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு ஏதோ அலுவலகத்தின் பழைய கோப்புகள் போடும் இடம். திங்கட்கிழமை இடிக்கப்போகிறார்கள் என்று காவலாளி வந்து சொன்னார். அண்ணன் ஒருமுறை அவர் வீட்டுத் தொட்டியைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். ஜன்னல், கதவு, தரை ஓடு எல்லாவற்றையும் ஏற்கெனவே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கடைசி அறையில் வெறும் மண் தரை. அண்ணன் குத்துக்கம்பியைச் செருகிச் செருகிப் பார்த்தார். ஆள் உயரக் கம்பி, மேலே குறுக்காக ஒரு கைப்பிடி. செங்கல்லில் பட்டால் டக்கென்று நிற்கும். சாம்பலில் நறநறவென்று இறங்கும். கண்ணாடியில் பட்டால் பல்லைக் கூசவைக்கும் ஒரு சிறிய கீச்சு. பின்சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அந்தக் கீச்சு வந்தது. அண்ணன் கம்பியை விட்டுவிட்டுத் தன் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டார், குளிர்காய்கிறவர் மாதிரி.

இரண்டு நாள் தோண்டினோம். ஒன்றரை ஆள் ஆழம். சுற்றிலும் செங்கல் கட்டு; ஆனால் பின்சுவர் எழுப்பியவர்கள் அந்தப் பக்கத்துச் செங்கல்லைப் பிடுங்கிவிட்டு, குழியின் ஓரத்து மண்மேலேயே அடித்தளம் போட்டிருந்தார்கள். மூன்று பக்கம் கட்டு, நாலாவது பக்கம் வெறும் சாம்பலும் அதன்மேல் ஒரு சுவரும். அன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் வாய்தவறி இதைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணன் ஒரு காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“சுவர்ப் பக்கம் போகமாட்டேன்னு சொல்லுங்க, தரேன்.”

“போகமாட்டேன்.”

“தரையைப் பார்த்துச் சொன்னா எப்படி? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.”

“உன் மூஞ்சியைப் பார்த்தா அப்புறம் வேலைக்கே போகத் தோணாதே.”

“இந்தக் கதையெல்லாம் வேண்டாம்.”

அண்ணன் ஒற்றைக் காலில் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். “போகமாட்டேன்மா. சத்தியமா.”

அண்ணி பூட்ஸைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீதான் சாட்சி, தம்பி. குழியை விட்டுக் கண்ணை எடுக்காதே.”

“எடுக்கமாட்டேன் அண்ணி” என்றேன்.

அன்று மதியம்வரை நல்ல அறுவடை. பட்டை பட்டையாக வரி போட்ட நீல விஷப் புட்டிகள் ஐந்து. இருட்டில் கை வைத்தாலும் விஷம் என்று தெரிவதற்காக அந்த வரிகள். கழுத்தில் கோலி தங்கிய சோடாப் புட்டி ஒன்று. களிமண் மைக்கூடுகள். ஒரு பச்சைப் புட்டி அண்ணனின் மண்வெட்டி பட்டுத் தோளில் உடைந்தது. “எழுதிக்கோ” என்று கீழேயிருந்து குரல் வந்தது. எழுதிக்கொண்டேன். அண்ணன் “உம்” என்றார். நான் “உம்” என்றேன்.

மூன்று மணி இருக்கும். வாளியில் சாம்பலோடு ஒரு பீங்கான் மூடி வந்தது. உள்ளங்கை அகலம், வட்டம், ஆனால் வலது பாதி மட்டும். வெள்ளைமேல் கறுப்பு எழுத்து. கழுவுவதற்கு வைத்திருந்த தொட்டித் தண்ணீரில் முக்கித் துடைத்தேன். முதல் வரியில் “...வெடிப்புக்கு ஏற்ற களிம்பு” என்று இருந்தது. கடைசி வரியில் “...அவர்கள் தயாரிப்பு.” அதற்கு முன்னால் இருந்த பெயர் உடைந்துபோயிருந்தது.

இரண்டு நாளாக அந்த மருந்தகக்காரரின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். கட்டடத்தின் பெயர்ப்பலகை எப்போதோ போய்விட்டது. புட்டிகளில் வெறும் அடையாளக் குறிகள். மருந்தகம் என்பதைத் தவிர அந்த மனிதரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. இப்போது பெயர் இரண்டு விரல் அகலத்தில் எங்கேயோ கிடக்கிறது. பாதி வரியோடு ஒரு பக்கத்தை என் மேஜையில் விட்டால் எனக்கு அன்று சோறு இறங்காது; அப்படிப் பழகிவிட்ட கண்.

“அண்ணா, மூடியோட மறுபாதி இருக்கா பாரு.”

“இல்லடா. இது சுவர்ப் பக்கத்துச் சாம்பலோட சரிஞ்சு வந்தது. மீதி உள்ளே இருக்கும்.”

“எவ்வளவு உள்ளே?”

“ஒரு முழம் இருக்கும். வேண்டாம், விடு. மண்ணு பொலபொலன்னு இருக்கு.”

“அதுல பேரு இருக்குண்ணா. நாளைக்கு இடிச்சுடுவாங்க. அப்புறம் எப்பவும் கிடைக்காது. கையை மட்டும் விட்டுப் பாரேன். ஒரே ஒரு தடவை.”

 கீழே அண்ணன் சிரித்தார்.

“அண்ணிகிட்ட சொல்லிடாதே” என்றார்.

கயிறு என் கையில்தான் இருந்தது. அவர் இடுப்பில் கட்டிய கயிறு. அதை முழங்கால் இடுக்கில் வைத்துக்கொண்டு, மூடியைத் திரும்பத் தொட்டியில் முக்கி, கடைசி வரிக்கு முன்னால் எழுத்தின் வால் ஏதாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து “உம்” என்று வந்தது. நான் பதிலுக்குக் கொட்டவில்லை. மண் உதிர்ந்ததா, உதிர்ந்திருந்தால் எவ்வளவு நேரமாக உதிர்ந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

“இருக்குடா” என்றார் அண்ணன்.

பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, மாவு மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி. சுவர் விழவில்லை. அதன் அடியிலிருந்த மண் மட்டும் அப்படியே உட்கார்ந்தது. சுவர் அந்தரத்தில் நின்றது. கயிறு விறைத்து, பிடித்த கையை அறுத்தது. இழுத்தேன். ஒரு அங்குலம் வரவில்லை. என் கத்தலைக் கேட்டுக் காவலாளி ஓடிவந்தார். இரண்டு பேரும் கையால் தோண்டினோம். தீயணைப்பு ஆட்கள் வந்து முட்டுக் கொடுத்து அவரை எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்தை நான் எழுதப்போவதில்லை.

காவல் அதிகாரி நல்ல மனிதர். மருத்துவமனையில் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

“சுவருக்குக் கீழே போனது எதுக்கு?”

“தெரியல சார். நான் மேலே கழுவிட்டு இருந்தேன். அவராவே போயிட்டார்.”

அண்ணி அப்போது எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு எல்லோரும் அதையே ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். சாமான் கடை வாசலில் வாஷர் அழுது வீங்கிய முகத்தோடு சொன்னார்: “பெருச்சாளி வளையிலேயே போயிடுச்சுப்பா. ஆசை யாரை விட்டுது?” சாமான் கடைக்காரர், “பெண்டாட்டி தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டானே, ஒரு புட்டிக்காக” என்றார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். தலை தானாக ஆடியது.

பத்து நாளில் அண்ணி வேலைக்குத் திரும்பினார். அண்ணன் ஜன்னலில் வரிசையாக அடுக்கியிருந்த புட்டிகளை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிகளில் போட்டார். நான் உதவிக்குப் போனேன். அழுவார், ஆறுதல் சொல்லவேண்டும் என்று மனத்துக்குள் வாக்கியங்கள் தயார்செய்து வைத்திருந்தேன். அவர் அழவே இல்லை.

“எனக்கு அழுகை வரமாட்டேங்குது, தம்பி” என்றார் ஒருநாள் எனக்குத் தட்டு வைத்துவிட்டு. “கோபம்தான் வருது. ஒரு காலை ஆட்டிக்கிட்டு என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாரே. அதைச் சொல்லும்போதே மனசுல போறதாத்தான் இருந்திருக்கார். பதினாலு வருஷத்துல இன்னும் என்னென்ன அப்படிச் சொன்னாரோன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துட்டு இருக்கேன். நல்ல நாளெல்லாம்கூடக் கெட்டுப்போகுது.”

அப்போது சொல்லியிருக்கலாம். சோறு வாயில் இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். விழுங்கினேன். இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

அப்படியே மூன்று மாதம் போனது. ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போனேன். ஒவ்வொரு நாளும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். சொன்னால் அண்ணனை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆனால் என்னைப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவிடுவாரா? அந்தச் சொட்டும் குழாயும் அந்த மேஜையும் தவிர எனக்கு வேறு வீடு கிடையாது. மூடியின் பாதி என் அறையில், மேஜை இழுப்பறைக்குள் கைக்குட்டையில் சுற்றிக் கிடந்தது.

ஒரு சாயங்காலம் போனபோது மேஜையில் தட்டு இல்லை. மருத்துவமனையில் கொடுத்த நெகிழிப் பை இருந்தது. அண்ணனின் பெல்ட், அளவு நாடா, கிழித்து எடுத்த சட்டை. அண்ணி அதை அதுவரை பிரிக்காமல் வைத்திருந்தார்.

“உட்காரு” என்றார். உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு பீங்கான் துண்டை வைத்தார். கட்டைவிரல் நீளம்.

“இது என்ன, தம்பி?”

“பீங்கான்.”

“பீங்கான்னு எனக்கும் தெரியுது. கையில இறுக்கிப் பிடிச்சிருந்தாராம். விரலை ஒவ்வொண்ணா விரிச்சு எடுத்ததா அந்த நர்ஸ் அன்னிக்கே சொன்னா. எதையோன்னு நினைச்சேன். நேத்துதான் பையைப் பிரிச்சேன்.” துண்டை ஒரு விரலால் என் பக்கம் நகர்த்தினார். “அவருக்குப் பீங்கான் வேண்டாமே. எழுத்துப் போட்ட பீங்கான் வந்தா யாருக்குக் கொடுப்பார்?”

 குழாய் சொட்டியது.

“நான் பதினாறு வருஷமா புகார் எழுதறேன். போனை எடுத்ததும் எல்லாரும் சொல்ற முதல் வார்த்தை, ‘தானாவே உடைஞ்சுது மேடம்’. எந்தக் குழாயும் தானா உடையாது. யாராவது திருகியிருப்பாங்க. நான் திட்டமாட்டேன். யார் கடைசியா தொட்டாங்கன்னு மட்டும்தான் கேப்பேன். நீ அந்த ஆபீசர்கிட்ட ‘அவராவே’ன்னு சொன்னப்பவே எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. யார் கடைசியா தொட்டாங்க, தம்பி?”

“நான்தான் அண்ணி.”

எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாம் என்று அவர் சொன்னதை, ஒரே ஒரு தடவை என்று நான் கேட்டதை, கொட்டாத உம்மை. சொல்லும்போது என் குரல் பிழை திருத்திய பக்கத்தைப் படித்துக் காட்டுகிற குரலாக இருந்தது. வேறு குரல் வரவில்லை.

“நீ கேட்டதும் அவர் என்ன சொன்னார்?”

“சிரிச்சார். ‘அண்ணிகிட்ட சொல்லிடாதே’ன்னார்.”

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காலியான ஜன்னல் வரிசை. புட்டிகள் நின்ற இடத்தில் வட்ட வட்டமாகத் தூசி படாத தடங்கள் இன்னும் தெரிந்தன.

“அப்ப காலையில சொன்னது பொய் இல்ல.”

“இல்ல. எனக்காகப் போனார்.”

“உங்களுக்காக” என்றார்.

எனக்குப் பதினெட்டு வயதிலிருந்து அவர் என்னை நீ என்றுதான் கூப்பிடுவார். அன்று முதல்முறை நீங்கள் ஆனேன்.

“மறுபாதி எங்கே?”

“ரூம்ல.”

“எடுத்துட்டு வாங்க.”

இரண்டு தெரு ஓடிப்போய் எடுத்து வந்தேன். மேஜையில் வைத்து இரண்டையும் சேர்த்தேன். உடைந்த விளிம்பு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. ஆனால் அண்ணன் கையில் கிடைத்தது முழுப் பாதி இல்லை. மேல்பக்கத்து ஒரு சில்லு மட்டும். பெயர் இருக்கவேண்டிய கீழ்ப்பகுதி அப்போதும் இல்லை. முதல் வரி மட்டும் முழுமையானது.

“படிங்க” என்றார் அண்ணி.

“குதிகால் வெடிப்புக்கு ஏற்ற களிம்பு.”

அண்ணி முகத்தில் ஒரு சிரிப்பு மாதிரி வந்தது. அது சிரிப்பு இல்லை. “குதிகாலுக்கு” என்றார். மறுபடியும், “குதிகால் வெடிப்புக்காகவா போனீங்க?” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்துச் சொன்னார். பிறகு மேஜையில் தலையை வைத்துக்கொண்டு, மூன்று மாதமாக அழாததையெல்லாம் அழுதார். நான் நின்றுகொண்டிருந்தேன். தொடவோ சமாதானம் சொல்லவோ எனக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்காமலேயே கேட்டார்.

“அந்தக் குழிக்குக் காகிதம் எழுதினீங்களா?”

“இல்ல அண்ணி.”

“எழுதுங்க. அவர் சொன்ன வரிசையிலேயே. எழுதிட்டுப் போய் அந்தச் சாமான் கடை வாசல்ல படிங்க. என் புருஷனைப் பேராசைக்காரன்னு சொல்ற ஒவ்வொருத்தன் காதுலயும் விழணும். அதுவரைக்கும் இங்கே வரவேண்டாம்.”

எழுத ஒரு வாரம் ஆனது. தேதி எழுதிவிடுவேன், தோண்டியவர்கள் எழுதிவிடுவேன். மூன்றாவது வரிக்கு வரும்போது, அண்ணன் சொன்ன மாதிரியே, காகிதம் தீர்ந்துபோகும். கடைசியில் நான்கே வரி எழுதினேன்.

காலை ஏழரைக்குச் சாமான் கடை வாசலில் ஏழெட்டுக் குழாய்க்காரர்கள் இருந்தார்கள். கடைக்காரர் உள்ளே ஆணி எடைபோட்டுக்கொண்டிருந்தார். நான் காகிதத்தைப் பிரித்ததும் வாஷர், “என்னப்பா, கல்யாணப் பத்திரிகையா?” என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். நான் படித்தேன்.

“தேதி. தோண்டியவர்கள்: அண்ணன், தம்பி. உடைத்தது: ஒரு பச்சைப் புட்டி, அண்ணன் கை பட்டு. அண்ணி வாங்கிய சத்தியம், என் வாய் பட்டு. அண்ணன் வேண்டாம் என்றார், நான் வற்புறுத்தினேன், கண்ணை எடுத்தேன், பிறகு அவராகவே போனார் என்று பொய் சொன்னேன். எடுத்தது: ஒரு பீங்கான் மூடி, அதுவும் முழுசாக இல்லை.”

கடைக்காரரின் தராசில் ஆணி விழும் சத்தம் நின்றுபோயிருந்தது. யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாஷர் தன் பையைத் தரையில் வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்தார்.

“மூணு மாசமா அவனை எங்க வாயில போட்டுட்டு நீ பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கே” என்றார். “நாங்களும் மென்னுட்டு இருந்தோம்.”

 பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக, என்மேல் படாமல் ஒதுங்கி, வேலைக்குப் போனார்கள். கடைக்காரர் மட்டும் உள்ளேயிருந்து, “அந்த இடத்துல காங்கிரீட் போட்டாச்சே, இந்தக் காகிதத்தை எங்கே போடுவே?” என்று கேட்டார்.

காகிதத்தைப் புட்டியில் போட்டு அண்ணி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கதவைத் தட்டவில்லை.

பதினைந்து நாள் கழித்து வாஷர் அச்சகத்துக்கு ஆள் அனுப்பினார், உடனே அண்ணன் வீட்டுக்கு வரச் சொல்லி. போனேன். வாஷர் சமையலறையில் கழுவுதொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரிந்தது. புட்டி ஜன்னல் வரிசையில் இருந்தது, தன்னந்தனியாக, காகிதத்தோடு. மற்ற புட்டிகள் பெட்டியிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை.

“வந்துட்டானா?” என்றது தொட்டிக்கு அடியிலிருந்து குரல். “வெளிச்சம் பிடிக்கச் சொல்லும்மா. இருட்டுல பெருச்சாளிக்குத்தான் கண்ணு தெரியும், எனக்குத் தெரியாது.”

அண்ணி கைவிளக்கை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, வாஷரின் கைக்கு நேராக வெளிச்சத்தைப் பிடித்தேன். குழாயின் துருப்பிடித்த திருகுமறை லேசில் அசையவில்லை. அவர் முக்கினார். பிறகு பழக்கத்திலோ, தெரிந்தேதானோ, “உம்” என்றார்.

“உம்” என்றேன்.

எனக்குப் பின்னால் வாசற்படியில் நின்றிருந்த அண்ணி சொன்னார்:

“கண்ணை எடுக்காதீங்க.”